எம்ஷர் கரையில் சைக்கிள் பாதை வந்தது எப்படி?

ஜெர்மனியின் மேற்கே, நிலக்கரிக்கும் எஃகுக்கும் பேர்போன ரூர் வட்டாரத்தின் நடுவே, எம்ஷர் என்றொரு சிறிய ஆறு ஓடுகிறது. டோர்ட்முண்டுக்குக் கிழக்கே ஹோல்ஸ்விக்கெடே என்ற ஊரில், ஒரு பழைய பண்ணை வீட்டு முற்றத்தில் ஊற்றெடுக்கிறது. ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓடி டின்ஸ்லாகன் பக்கத்தில் ரைன் நதியில் கலக்கிறது. ஊற்றிலிருந்து கழிமுகம் வரை அதை ஒட்டியே போகும் சைக்கிள் பாதைக்கு ‘எம்ஷர் வழி’ என்று பெயர். சுற்றுவழிகளையும் சேர்த்தால் சுமார் 100 கிலோமீட்டர் வரும்.

கோட்டையும் திராட்சைத் தோட்டமும் பார்த்துக்கொண்டே ஓட்ட நினைப்பவர்கள் தெற்கே ரைன் கரைக்கோ மோசல் கரைக்கோ போகலாம். எம்ஷர் பாதையில் கண்ணில் படுவது வேறு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், நிலக்கரியைச் சுட்டு எஃகாலைக்கு எரிபொருளாக்கிய, இப்போது மூடிய கோக் ஆலை, தலைக்கு மேல் உயர் அழுத்த மின்கம்பி, நெடுஞ்சாலைப் பாலத்தின் அடிவயிறு, சரக்குக் கிடங்குகளின் பின்சுவர், நடுநடுவே சின்னச் சின்னக் காய்கறித் தோட்டங்கள். ஊர்கள் ஒன்றுகூட இந்த ஆற்றுக்கு முகம் காட்டி நிற்பதில்லை. எனக்கு இந்தப் பாதைமேல் பெரிய பிரியம் உண்டு. ஒரு தொழில் வட்டாரம் எப்படி வேலை செய்தது, எதை எங்கே ஒளித்து வைத்தது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இடம் அதிகம் இல்லை.

ரூர் வட்டாரத்தில் ஐம்பது லட்சம் பேர் வாழ்கிறார்கள். ஒரு நகரம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். ஆலை, ரயில் தண்டவாளம், குடியிருப்பு என்று ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். இப்படிப்பட்ட இடத்தில் ஆற்றை ஒட்டி இவ்வளவு நீளமான ஒரு பட்டை நிலம் யாரும் கட்டடம் கட்டாமல் எப்படி மிஞ்சியது? ஆற்றின் மேல் இருந்த அக்கறையால் மிஞ்சியதில்லை. ஆற்றைச் சாக்கடையாக்கிவிட்டதால் மிஞ்சியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சுரங்கங்கள் ரூர் நதிப் பள்ளத்தாக்கிலிருந்து வடக்கு நோக்கி, எம்ஷர் சமவெளிக்கு நகர்ந்தன. கிராமங்கள் சில பத்தாண்டுகளில் நகரங்களாயின. நிலக்கரி கழுவிய தண்ணீர், ஆலைக் கழிவு, வீட்டுக் கழிவு எல்லாம் எம்ஷரில் இறங்கின. வேகமே இல்லாத சமவெளி ஆறு அது, வளைந்து வளைந்து போகும். போதாக்குறைக்கு, அடியில் நிலக்கரியைத் தோண்டி எடுக்க எடுக்க மேலே நிலம் அமுங்கியது. தண்ணீர் ஓட வழியில்லாமல் வயல்களிலும் தெருக்களிலும் தேங்கியது. காலராவும் டைபாய்டும் திரும்பத் திரும்ப வந்தன.

தனித்தனி நகராட்சிகளால் இதைத் தீர்க்க முடியவில்லை. மேலே இருக்கும் ஊர் வாய்க்கால் வெட்டினால் கீழே இருக்கும் ஊர் மூழ்கும். 1899 டிசம்பரில் நகராட்சிகளும் சுரங்கங்களும் ஆலைகளும் சேர்ந்து ‘எம்ஷர்கெனோசன்ஷாஃப்ட்’ என்ற கூட்டுச் சங்கத்தை அமைத்தன. கழிவைக் கொட்டுகிறவர்கள் எல்லோரும் உறுப்பினர்கள், உறுப்பினர்கள் எல்லோரும் பணம் கட்ட வேண்டும், ஆறு முழுவதையும் ஒரே அமைப்பு பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. நூறு வருடம் தாண்டியும் அந்தச் சங்கம் அப்படியே இருக்கிறது. இன்றைய சைக்கிள் பாதைக்கு இதுதான் வேர் என்று நான் நினைக்கிறேன், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அப்போது மூன்று ஆறுகளுக்கும் வேலை பிரிக்கப்பட்டது. தெற்கே ஓடும் ரூர் நதி குடிநீருக்கு. நடுவே இருக்கும் எம்ஷர் கழிவுக்கு. வடக்கே லிப்பெ, அதன் நீர் பிற்காலத்தில் கப்பல் கால்வாய்களுக்குப் போனது. (ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயிலை ஈழத்தமிழர் பலருக்குத் தெரிந்திருக்கும். 2002-இல் குடமுழுக்கு நடந்த அந்தக் கோயிலின் திருவிழாவில் தீர்த்தமாடுவது லிப்பெயை ஒட்டி வெட்டிய அந்தக் கால்வாயில்தான். அதே காலத்தில் எம்ஷரில் காலை நனைக்கக்கூட யாரும் துணிந்திருக்க மாட்டார்கள்.)

சரி, கழிவைக் குழாய் போட்டுப் பூமிக்கடியில் கொண்டுபோக வேண்டியதுதானே? மற்ற நகரங்கள் அதைத்தானே செய்தன? இங்கே அது முடியாது. நிலம் ஓரிடத்தில் ஒரு மீட்டர் அமுங்கும், நூறு மீட்டர் தள்ளி இரண்டு மீட்டர் அமுங்கும். ரூர் வட்டாரத்தில் மொத்தமாக 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துபோன இடங்கள் உண்டு. அந்த நிலத்துக்குள் குழாய் போட்டால் சில வருடங்களில் உடையும். உடைந்தது எங்கே என்று தெரிவதற்குள் கழிவு மண்ணில் இறங்கிவிடும், சரிவு மாறித் தண்ணீர் எதிர்த்திசையில் நிற்கும்.

அதனால் திறந்தவெளிச் சாக்கடை என்று முடிவானது. எம்ஷரின் வளைவுகளை நிமிர்த்தினார்கள், தளத்தை ஆழப்படுத்தினார்கள், அடியிலும் பக்கங்களிலும் கான்கிரீட் பலகைகளைப் பதித்தார்கள். கிளை ஓடைகளுக்கும் அதே கதி. நிலம் அமுங்கினால் அந்த இடத்தின் பலகைகளைப் பெயர்த்து, மண்ணைக் கொட்டிக் கரையை உயர்த்தி, மறுபடி பதித்துவிடலாம். பார்க்க அசிங்கம், நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் பொறியியல் கணக்கில் புத்திசாலித்தனமான தீர்வு. அமுங்குவது சமாளிக்க முடியாத அளவுக்குப் போனபோது கழிமுகத்தையே இரண்டு முறை, 1910-இலும் 1949-இலும், வடக்கே தள்ளி வைத்தார்கள். டுயிஸ்பர்க் நகருக்குள் இன்றும் ‘பழைய எம்ஷர்’, ‘சிறிய எம்ஷர்’ என்று கைவிடப்பட்ட தடங்கள் இருக்கின்றன.

பலகை மாற்ற லாரி போக வேண்டும். கரையில் புல் வெட்ட வண்டி போக வேண்டும். வெள்ளம் வந்தால் ராத்திரியிலும் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். ஆகவே ஆற்றின் கூடவே ஒரு பராமரிப்புச் சாலை, பல இடங்களில் இரு கரையிலும், இடைவெளி விடாமல் போடப்பட்டது. குறுக்கே கட்டடம் வர முடியாது, நிலத்தை விற்க முடியாது, எல்லாம் ஒரே சங்கத்தின் கையில். பொதுமக்களுக்கு அங்கே வேலை இல்லை. கான்கிரீட் சரிவு வழுக்கும், உள்ளே விழுந்தவர் பிடித்து ஏற ஒரு புல்கூட இருக்காது. குழந்தைகள் விழுந்து இறந்திருக்கிறார்கள். அதனால் நெடுக வேலி, உயிராபத்து என்று எழுதிய பலகை. அந்த வட்டாரத்தில் வளர்ந்த இரண்டு மூன்று தலைமுறைக்கு எம்ஷர் என்றால் வேலிக்கு அப்பால் நாறும் ஒன்று, அவ்வளவுதான்.

வேலியைத் திறந்தால் சைக்கிள் பாதை தயார். நாலு மீட்டர் அகல ரோடு, ஏற்ற இறக்கம் இல்லை, குறுக்குத் தெரு கிடையாது, பாலங்களுக்கு அடியில் நுழைந்து போகலாம். யாரும் சைக்கிளுக்கென்று இதைத் திட்டமிடவில்லை.

உலகின் வேறு தொழில் நகரங்களிலும் இதே விதிதான் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் நல்ல சாட்சி. 1938 வெள்ளத்துக்குப் பிறகு அங்கேயும் ஆற்றைக் கான்கிரீட் கால்வாய் ஆக்கினார்கள். அங்கேயும் சைக்கிள் பாதை ஓடுவது வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறையின் பராமரிப்புச் சாலையில்தான். ஆனால் நகர மையத்திலிருந்து வெர்னன் தொழிற்பேட்டை வரை, ஏறக்குறைய 13 கிலோமீட்டருக்குப் பாதை அறுந்து கிடக்கிறது. காரணம், அந்த இடத்தில் ரயில் தண்டவாளங்கள் ஆற்றின் விளிம்புவரை வந்து ஒட்டிக்கொண்டன, சாலைக்கு இடமே விடப்படவில்லை. ஆற்றங்கரையில் பாதை வருமா வராதா என்பது பெரும்பாலும் இயற்கைக் காட்சியைப் பொறுத்ததில்லை. அந்தக் கரைக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்பதைப் பொறுத்தது.

எம்ஷருக்கு விடிவு வந்தது சுரங்கங்கள் விலகியதால். நிலக்கரி வெட்டுவது இன்னும் வடக்கே நகர நகர, எம்ஷர் சமவெளியில் நிலம் அமுங்குவது நின்றது. இனி குழாய் போடலாம் என்ற நிலை. 1990-களின் தொடக்கத்தில் சங்கம் பெரிய முடிவு எடுத்தது: எல்லாக் கழிவையும் பூமிக்கடியில் அனுப்பி, ஆற்றை மறுபடி ஆறாக்குவது. முப்பது வருட வேலை, ஏறக்குறைய 550 கோடி யூரோ செலவு. நடுநாயகமானது டோர்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாகன் வரை 51 கிலோமீட்டர் நீளமுள்ள கழிவுநீர்ச் சுரங்கக் குழாய். தண்ணீர் தானாக ஓட வேண்டுமென்றால் குழாய்க்குச் சரிவு வேண்டும். சமவெளியில் சரிவு கொடுத்துக்கொண்டே போனால் மேற்கே போகப் போக ஆழம் கூடும், ஒபர்ஹவுசன் பக்கம் 40 மீட்டர்வரை போகிறது. நடுவே கெல்சன்கிர்ஷன், பொட்ரொப், ஒபர்ஹவுசன் ஆகிய மூன்று இடங்களில் பெரிய பம்பிங் ஸ்டேஷன்கள் கழிவை மேலே தூக்குகின்றன. குழாய்க்குள் எப்போதும் கழிவு ஓடுவதால் மனிதர் இறங்கிப் பார்க்க முடியாது, அதற்கென்று ரோபோ செய்திருக்கிறார்கள். 2021 முடிவில் எம்ஷரில் கழிவுநீர் விடுவது நின்றது.

இத்தோடு 1989 முதல் 1999 வரை நடந்த ‘எம்ஷர் பார்க்’ சர்வதேசக் கட்டடக் கண்காட்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கார்ல் கான்சர் தலைமையில் நடந்த அந்தப் பத்தாண்டுத் திட்டம், பாழடைந்த ஆலைகளை இடித்துத் தள்ளாமல் வைத்துக்கொண்டு பயன்படுத்தலாம் என்று காட்டியது. டுயிஸ்பர்க்கில் 1985-இல் மூடிய மைடெரிஷ் இரும்பாலையை நிலவடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ் பூங்காவாக மாற்றினார். அங்கே ஊதுலையின் உச்சிவரை படியேறலாம், தாதுக் கிடங்குகளின் சுவரில் பாறையேறும் பயிற்சி நடக்கிறது, பழைய எரிவாயுக் கலத்தில் தண்ணீர் நிரப்பி முக்குளிக்கிறார்கள். எம்ஷர் பாதையிலிருந்து கொஞ்சம் விலகினால் போதும்.

பாதையின் எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி இல்லை. டோர்ட்முண்டின் ஹெர்டே பகுதியில் முதலில் கண்ணில் படுவது ஒரு பெரிய ஏரி. 24 ஹெக்டேர். கரையில் வெள்ளை வீடுகள், பாய்மரப் படகுகள், காபிக் கடைகள். 2001 வரை அங்கே ஃபீனிக்ஸ் எஃகாலை இருந்தது. அதை ஒரு சீன நிறுவனம் வாங்கி, சீனாவிலிருந்து தொழிலாளர்களை அழைத்துவந்து, துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலில் கொண்டுபோனது. ஆலைக்கு அடியில் பல பத்தாண்டுகளாகக் குழாய்க்குள் அடைபட்டுக் கிடந்த எம்ஷரை வெளியே எடுத்தார்கள். பள்ளத்தில் 2010 அக்டோபரில் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். ஆறும் ஏரியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் கலப்பதில்லை. பெருவெள்ளம் வந்தால் மட்டும் ஆறு ஏரிக்குள் வழியும்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏரிக்கரை வீடுகளை வாங்கியவர்கள் ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர், விலை அப்படி. ரூர் வட்டாரத்தை ஏ40 நெடுஞ்சாலை வெட்டிப் போகிறது. அதை இங்குள்ளவர்கள் சமூகத்தின் பூமத்திய ரேகை என்பார்கள். தெற்கே வசதி, வடக்கே வறுமை. எம்ஷர் பெரும்பாலும் அந்த வடபகுதியில்தான் ஓடுகிறது. கெல்சன்கிர்ஷன் ஜெர்மனியில் வேலையின்மை மிக அதிகமுள்ள நகரங்களில் ஒன்று. நாற்றம் போனதும் கரையின் மதிப்பு ஏறும், அந்த ஏற்றம் யார் கைக்குப் போகிறது என்பது ஃபீனிக்ஸ் ஏரியில் தெரிந்துவிட்டது. இத்தனை காலம் நாற்றத்தோடு வாழ்ந்தவர்களுக்கு முதலில் ஒரு நிழல் மரமும் உட்கார இடமும் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி. நல்லவேளையாக, பாதையின் நடுப்பகுதி இன்னும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. மாலையில் அங்கே சைக்கிளில் வருபவர்களில் பாதிப் பேர் உல்லாசப் பயணிகள் இல்லை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள்.

அந்த நடுப்பகுதி காஸ்ட்ரொப்-ரௌக்சலில் தொடங்குகிறது. அங்கே எம்ஷர் ஒரு மதகுக்குள் நுழைந்து ரைன்-ஹெர்னே கால்வாய்க்கு அடியில் கடக்கிறது. மேலே சரக்குக் கப்பல், கீழே ஆறு. 1914-இல் திறந்த அந்தக் கால்வாயும் எம்ஷரும் அதன்பின் ஒபர்ஹவுசன்வரை அண்ணன் தம்பியாக ஒன்றையொன்று ஒட்டியே ஓடுகின்றன. இரண்டுக்கும் இடையே சுமார் 34 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒல்லியான ஒரு தீவு. தொழிற்சாலை, பூங்கா, கிடங்கு, குதிரைப் பண்ணை எல்லாம் அதில்தான். கெல்சன்கிர்ஷனில் 1993-இல் மூடிய நோர்ட்ஷ்டெர்ன் சுரங்கத்தின் கோபுரம், அதன் தலையில் 18 மீட்டர் உயர ஹெர்குலிஸ் சிலையோடு, தூரத்திலிருந்தே வழிகாட்டும்.

பொட்ரொப் பக்கம் வரும்போது சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கரை ஏழெட்டு மீட்டர் உயரத்துக்குப் போகிறது. ஒரு பக்கம் கீழே எம்ஷர். மறுபக்கம் கீழே தெரு, வீடு, துணி காயும் கொடி. கண்ணை அங்கும் இங்கும் மாற்றிப் பார்த்தால் ஒன்று உறைக்கும்: தெரு ஆற்றைவிடப் பள்ளத்தில் இருக்கிறது. நம் ஊரில் ஏரிக்கரைமேல் நின்று கீழே ஆயக்கட்டு வயல்களைப் பார்ப்பது போல, ஆனால் வயலுக்குப் பதில் மூன்று மாடிக் குடியிருப்புகள். நிலக்கரியை எடுத்தபோது நிலம் தாழ்ந்ததால் வந்த பள்ளம் இது. அங்கே பெய்யும் மழை தானாக ஆற்றுக்கு வராது, பம்பு வைத்து மேலே ஏற்ற வேண்டும். எம்ஷர் வட்டாரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு நிலம் இப்படித்தான் இருக்கிறது.

பொட்ரொப்பின் சுத்திகரிப்பு நிலையத்தில் முட்டை வடிவத்தில் நான்கு பெரிய கழிவுச் செரிப்புக் கலங்கள் நிற்கின்றன. இரவில் நீல வெளிச்சம் போடுவார்கள், நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். சற்றுத் தள்ளி எபெல் என்ற தொழிலாளர் குடியிருப்புக்குப் பக்கத்தில் பெர்னெபார்க். அங்கே பழைய சுத்திகரிப்பு நிலையத்தின் இரண்டு வட்டத் தொட்டிகளை விட்டுவைத்திருக்கிறார்கள். ஒன்றில் நல்ல தண்ணீர். இன்னொன்றைத் தண்ணீர் வடித்து, பக்கச் சுவரில் படிப்படியாக மண் நிரப்பி, தோட்ட வடிவமைப்பாளர் பீட் ஔடோல்ஃப் புல்லும் பூச்செடியும் நட்டிருக்கிறார். கசடை வழித்துத் தள்ளும் இரும்புப் பாலம் தொட்டியின் குறுக்கே அப்படியே நிற்கிறது, அதன்மேல் நடக்கலாம். புல்வெளியில் ராட்சத கான்கிரீட் சாக்கடைக் குழாய்த் துண்டுகள் ஐந்தாறு. வட்டக் கதவைத் திறந்தால் உள்ளே கட்டில், விளக்கு, போர்வை. அது விடுதி அறை. சைக்கிளில் போகிறவர்கள் அங்கே இரவு தங்குகிறார்கள்.

ஒபர்ஹவுசனில் 1929-இல் கட்டி முடித்த எரிவாயுக் கலம் 117 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது, 1994 முதல் அது கண்காட்சிக்கூடம். அதற்கு அருகே கால்வாய்க்கு மேல் டோபியாஸ் ரேபெர்கர் வடிவமைத்த சுருள்பாலம். அப்புறம் பாதை வடமேற்கே திரும்பி டின்ஸ்லாகனை நோக்கிப் போகிறது. முன்பு எம்ஷர் ரைனில் சேரும் இடத்தில் ஏறக்குறைய 6 மீட்டர் உயரத் தடுப்பிலிருந்து விழும். மீன் எதுவும் அதில் ஏறி வர வழியில்லை. 2022-இல் கழிமுகத்தைச் சற்று வடக்கே நகர்த்தி, அகலமான மெல்லிய சரிவாகத் திறந்துவிட்டார்கள். மேலோடைகளில் ஒளிந்து உயிர் பிழைத்திருந்த எம்ஷர் குரொப்பெ என்ற சிறிய மீனை மறுபடி பல கிளைகளில் விட்டு வளர்க்கிறார்கள். மீன்கொத்தி வந்துவிட்டது.

இத்தனைக்கும் பிறகு இது காட்டாறு ஆகிவிடவில்லை. நகருக்குள் வீடுகளும் தண்டவாளங்களும் நெருக்கிக்கொண்டு நிற்கும் இடங்களில் கரையை அகட்ட முடியாது, ஆறு இன்னும் நேர்கோடாகவே போகிறது. பெருமழையில் குழாய் நிரம்பினால் மழைநீரோடு கலந்து நீர்த்த கழிவு ஆற்றில் வழிகிறது, ஆகவே குளிக்க உகந்த தண்ணீர் இல்லை. பொட்ரொப்பில் இருந்த கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடியது. பள்ளமான நிலத்துக்குப் பம்பு ஓடுவது மட்டும் நிற்கவே போவதில்லை. சுரங்கத் தண்ணீரை இறைப்பதையும் இதையும் ஜெர்மனியில் ‘நிரந்தரக் கடமைகள்’ என்கிறார்கள். இதற்கென்றே 2007-இல் ஆர்ஏஜி அறக்கட்டளையை நிறுவி, சுரங்கக் கம்பெனியின் சொத்தை முதலீடாக வைத்து, வருமானத்திலிருந்து செலவு செய்கிறார்கள். பம்பு நின்றால் கெல்சன்கிர்ஷன், எஸ்ஸன் நகரங்களின் பல தெருக்கள் குளமாகும்.

ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முழுப் பாதையை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது, வழி நெடுக ரயில் நிலையங்கள் இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் காஸ்ட்ரொப்-ரௌக்சலுக்கும் ஒபர்ஹவுசனுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஓட்டுங்கள், ஏரியை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. பாதை பல இடங்களில் தார் இல்லாத கெட்டிச் சரளை, மெல்லிய ரேஸ் டயர் வேண்டாம். கரைகளில் வேலை இன்னும் நடக்கிறது. திடீரென்று தடுப்பு வைத்துத் தெருவுக்குள் திருப்பிவிடுவார்கள், அந்தச் சுற்றுவழியில்தான் சுரங்கத் தொழிலாளர்களின் செங்கல் வீட்டு வரிசைகளைப் பார்க்க முடியும். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். கரைமேல் மறைப்பே கிடையாது என்பதால், ஆறு ஓடும் திசையில் போவதைவிட ஒபர்ஹவுசனில் தொடங்கிக் கிழக்கே போவது காலுக்குச் சுகம்.